வாடகைக்கு விடப்போகும் பழைய வீட்டில் எதை இடிப்பது, எந்த வரிசையில் இடிப்பது

பழைய வண்ணாரப்பேட்டையில் உங்கள் பாட்டி வாழ்ந்த வீடு 9 ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கிறது என்றும், அதைச் சீர்செய்து இரண்டு குடும்பங்களுக்கு வாடகைக்கு விட எண்ணுகிறீர்கள் என்றும், பார்க்க வந்த மேஸ்திரி வெளிச்சுவர்களை மட்டும் நிறுத்திவிட்டு உள்ளே இருப்பதையெல்லாம் ஒரு வாரத்தில் உடைத்துத் தருவதாகச் சொன்னார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். முன்பக்கத்தில் மெட்ராஸ் டெரஸ் (தேக்குக் கட்டைகளின் மேல் செங்கலும் சுண்ணாம்பும் அடுக்கிய) கூரையுடன் கூடமும் இரண்டு அறைகளும், நடுவில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டு மூடிய முற்றம், பின்னால் 1980-களில் சேர்த்துக் கட்டிய கான்கிரீட் தளத்தின் கீழ் சமையலறையும் குளியலறையும், அதற்கும் பின்னால் ஒரு கிணறு, இரு பக்கமும் அடுத்த வீடுகளுடன் பொதுச்சுவர் என்பதே நீங்கள் தந்த விவரம். எதை இடிக்கலாம், எதை இடிக்கக் கூடாது, எந்த வரிசையில் இடிப்பது என்பது உங்கள் கேள்வி. ராயபுரம், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டைப் பகுதிகளில் 26 ஆண்டுகளாகப் பழைய வீடுகளின் சீரமைப்பு வேலையை மேற்பார்வை செய்து வருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த மேஸ்திரியின் யோசனையை ஏற்காதீர்கள். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். தூண்களும் பீம்களும் பாரத்தைச் சுமக்கும் புதிய கட்டடங்களில் உள்சுவர் வெறும் தடுப்புதான் என்பதால், அதை உடைத்துப் பழகிய கை எல்லா வீட்டையும் அப்படியே பார்க்கிறது. உங்கள் வீட்டின் முன்பகுதியில் தூணும் இல்லை, பீமும் இல்லை. கூரையின் எடை முழுவதும் தேக்குக் கட்டைகள் வழியாகச் சுவர்களில்தான் இறங்குகிறது. உள்சுவர்களில் குறைந்தது ஒன்றாவது அந்தக் கட்டைகளின் முனைகளைத் தாங்கிக்கொண்டிருக்கும். அதைச் சம்மட்டியால் அடித்தால் சுவர் விழுவதற்கு முன்பே கூரை இறங்கிவிடும்.

அந்தக் கூரை எவ்வளவு எடை என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். தேக்குக் கட்டைகளுக்கு மேல் மெல்லிய செங்கற்களைக் குத்தாக நிறுத்திச் சாய்வு வரிசையில் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைத் தட்டி இறுக்கி, அதற்கும் மேல் தட்டோடு எனும் தட்டையான ஓட்டைப் பதித்திருப்பார்கள். மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 8 அங்குலக் கனம் வரும். சதுர அடிக்கு சுமார் 35 கிலோ. 10 அடிக்கு 12 அடி உள்ள ஓர் அறையின் தலைக்கு மேல் 4 டன்னுக்கு மேல் நிற்கிறது என்று பொருள். 9 மழைக்காலங்கள் பார்ப்பாரின்றிக் கடந்த வீட்டில், அடைபட்ட மழைநீர்க் குழாயால் மேலே தேங்கிய தண்ணீரும் குவிந்த மண்ணும் இந்த எடையோடு சேரும்.

வாடகை வீட்டுக்கான என் அடிப்படைக் கருத்து இதுதான்: தண்ணீர் கெடுத்ததை இடியுங்கள், தண்ணீர் தொடாததை, அது பார்வைக்குப் பழையதாக இருந்தாலும், விட்டுவையுங்கள். சொந்தமாகக் குடியிருப்பவர் தன் விருப்பத்துக்காக அறையைப் பெரிதாக்கலாம், முற்றத்தைக் கூடமாக்கலாம். வாடகைக்கு வருபவர் கேட்பது ஒழுகாத கூரை, நாற்றமில்லாத கழிவறை, தனி மின்மீட்டர், தடையில்லாத தண்ணீர், காற்றும் வெளிச்சமும் ஆகியவைதான். இவற்றைத் தருவதற்கு எவ்வளவு இடிக்க வேண்டுமோ அவ்வளவுதான் இடிப்பின் அளவு. அதற்கு மேல் உடைக்கும் ஒவ்வொரு சதுர அடிக்கும் உடைக்கக் கூலி, அள்ளக் கூலி, வண்டி வாடகை, மீண்டும் கட்டச் செலவு என்று நான்கு முறை பணம் போகும். வாடகை அதற்காக உயராது.

எனவே, கடப்பாரை வீட்டுக்குள் வருவதற்கு முன் இரண்டு நாட்களைப் பார்வையிடுவதற்கென்றே ஒதுக்குங்கள். முதல் வேலையாக எல்லாக் கதவுகளையும் சன்னல்களையும் திறந்து வைத்து, குப்பையையும் புறா எச்சத்தையும் தண்ணீர் தெளித்து ஈரமாக்கிய பிறகு அள்ளச் சொல்லுங்கள். புறா எச்சத் தூள் நுரையீரலுக்குக் கெடுதல் என்பதால் அதை உலர்ந்த நிலையில் பெருக்கவே கூடாது. பின்னர் ஒவ்வோர் அறையிலும் அண்ணாந்து பார்த்து, கட்டைகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்பதை ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். பொதுவாக அவை அறையின் குறுகிய அகலத்தில் ஓடும். அவற்றின் முனைகள் எந்தச் சுவர்களுக்குள் நுழைகின்றனவோ அவை பாரம் தாங்கும் சுவர்கள். அவற்றின் மேல் சிவப்புச் சாக்பீஸால் பெரிதாகக் குறியிட்டுவிடுங்கள். கூடத்தில் ஒரு பெரிய உத்தரம் குறுக்கே ஓடி, சிறு கட்டைகள் அதன் மேல் அமர்ந்திருந்தால், அந்த உத்தரத்தின் இரு முனைகளுக்கும் கீழே உள்ள சுவர்ப் பகுதி மிகுந்த பாரம் தாங்கும் இடமாகும்.

அடுத்து, ஒவ்வொரு கட்டையின் முனையையும் சோதிக்க வேண்டும். தேக்கு நடுவில் எளிதில் கெடாது. சுவருக்குள் புதைந்திருக்கும் முனைதான் ஈரத்தை உறிஞ்சி உளுத்துப்போகும். ஒரு ஸ்க்ரூடிரைவரைச் சுவரை ஒட்டிய இடத்தில் அழுத்திப் பாருங்கள். கால் அங்குலம்கூட உள்ளே போகாமல், தட்டினால் கணீரென்று கேட்டால் அந்தக் கட்டை இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். பொதபொதவென்று உள்ளே போனால், அந்த ஒரு கட்டைக்கு மட்டும் இரு பக்கமும் முட்டு கொடுத்து மாற்றலாம். அல்லது அதன் பக்கத்திலேயே ஓர் இரும்புச் சேனலைச் சுவரில் ஊன்றிப் பாரத்தை அதற்கு மாற்றலாம். கட்டையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூல் பிடித்துப் பார்த்தால் தொய்வும் தெரிந்துவிடும். நான் பார்த்த வரையில், இடித்துத் தள்ள வேண்டும் என்று முடிவுகட்டப்பட்ட மெட்ராஸ் டெரஸ் கூரைகளில் பெரும்பாலானவை, நான்கைந்து கட்டைகளை மாற்றி, தட்டோட்டைப் பெயர்த்து மீண்டும் பதித்தாலே நின்றுவிடக்கூடியவை. கோடையில் அந்தக் கூரையின் கீழ் இருக்கும் குளிர்ச்சியைக் கான்கிரீட் தளம் தராது என்பதையும் வாடகைக்கு வருபவர் உடனே உணர்வார்.

கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால் அதைப் பிடுங்கச் சொல்லாதீர்கள். அதன் வேர் சாந்து இணைப்புகளுக்குள் பல அடிகள் ஓடியிருக்கும். இழுத்தால் செங்கற்கள் கொத்தாக வெளியே வந்து தெருவில் விழும். அடியோடு அறுத்துவிட்டு, வேர் ஓடிய வரிசைகளை மட்டும் மேலிருந்து கீழாகக் கையால் கழற்றி, வேரை முழுவதும் எடுத்த பிறகு அதே செங்கற்களை வைத்துக் கட்டிவிடலாம்.

பின்பக்கக் கான்கிரீட் தளத்தின் கதை வேறு. கடற்கரையிலிருந்து ஓரிரு கிலோமீட்டருக்குள் இருக்கும் நம் பகுதியில் உப்புக் காற்று கான்கிரீட்டுக்குள் புகுந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு, இரும்பை விடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால் உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. குளியலறைத் தளத்தின் அடிப்பக்கத்தில் கான்கிரீட் உதிர்ந்து கம்பி தெரிவதாகவும், சில கம்பிகள் கையால் தொட்டாலே பொடியாவதாகவும் நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், உங்கள் வீட்டில் முழுமையாக இடிக்க வேண்டியது இந்தப் பகுதிதான் என்று தோன்றுகிறது. அதற்கு மேல் பூசி மறைப்பது குடியிருக்கப் போகிறவரின் தலைக்கு மேல் ஆபத்தைத் தொங்கவிடுவதாகும்.

வேலை தொடங்கும் முன் மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் உங்கள் வார்டுக்குரிய பொறியாளரைப் பார்த்து, எந்தெந்தப் பகுதியை இடிக்கிறீர்கள், எதைத் திரும்பக் கட்டுகிறீர்கள் என்பதை வரைபடத்துடன் சொல்லி, அனுமதி தேவைப்படும் பகுதிக்கு எழுத்து மூலம் பெற்றுவிடுங்கள். பூச்சு, தரை, வண்ணம் போன்ற பழுதுபார்ப்பு ஒரு வகை. தளத்தை இடித்துத் திரும்பப் போடுவது வேறு வகை. முழு வீட்டையும் தரைமட்டமாக்கினால் அது புதிய கட்டடமாகிவிடும். 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி இடம் விட்டுக் கட்ட வேண்டிய நிலை வரலாம். குறுகிய மனையில் அது பெரிய இழப்பு. உள்ளதை நிறுத்திச் சீர்செய்யச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரு பக்கத்து வீட்டாரையும் நேரில் போய்ப் பாருங்கள். அவர்கள் வீட்டுக்குள் பொதுச்சுவர் இப்போது எப்படி இருக்கிறது என்பதை, ஏற்கெனவே உள்ள விரிசல்களின் மேல் தேதி எழுதிய காகிதம் ஒட்டி, அவர்கள் முன்னிலையிலேயே படம் எடுத்து, ஒரு பிரதியை அவர்களுக்கும் கொடுத்துவிடுங்கள். இது சண்டை வந்தால் காட்டுவதற்கான ஆதாரம் மட்டுமன்று. அவர்களுடைய கூரைக் கட்டைகளும் அதே சுவரின் மறுபாதியில் ஊன்றியிருக்கும் என்பதால், எந்த உயரத்தில், எந்த இடைவெளியில் இருக்கின்றன என்பதை உள்ளே போய்ப் பார்த்தால்தான் உங்கள் பக்கத்தில் எங்கே உளி வைக்கக் கூடாது என்பது தெரியும். பொதுச்சுவரிலிருந்து 3 அடி தூரத்துக்குள் பிரேக்கர் மெஷின் வேண்டாம். சுத்தியும் உளியும் போதும். சுண்ணாம்புச் சாந்து அதிர்வைத் தாங்காது. உங்கள் பக்கத்தில் மெஷின் ஓடினால் அவர்கள் பக்கத்தில் பூச்சு பாளமாகக் கழன்று விழும். வேலை நேரத்தையும் அவர்களிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். நம் பகுதியில் விடியற்காலையில் துறைமுகத்திலும் மீன்பிடித் தொழிலிலும் உழைத்துவிட்டு வந்து பகலில் உறங்குகிறவர்கள் உண்டு. அவர்களுக்குக் காலை 10 மணிச் சம்மட்டி நள்ளிரவுச் சம்மட்டிக்குச் சமம்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டோம் என்று நம்பி எவரையும் சுவரில் உளி வைக்க விடாதீர்கள். பழைய வீடுகளில் மீட்டருக்கு முன்னால் வரும் சர்வீஸ் வயர் சுவருக்குள்ளும் மரப்பட்டிகளுக்குள்ளும் ஓடும். மெயின் சுவிட்ச் அதைத் துண்டிப்பதில்லை. பூட்டிக் கிடந்த காலத்தில் யாரேனும் பக்கத்திலிருந்து இணைப்பு எடுத்திருக்கவும் கூடும். மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் விண்ணப்பித்து, கம்பத்திலிருந்தே இணைப்பைத் துண்டித்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் முதல் அடி. குடிநீர் இணைப்பைத் தெருப்பக்கத்திலேயே மூடுங்கள். கழிவுநீர் சேம்பர்களின் (குழாய்கள் வந்து சேரும் சிறு தொட்டிகளின்) வாயைச் சாக்கு வைத்து அடைத்து மேலே பலகை போடுங்கள். ஒரு சட்டி இடிபாடு உள்ளே விழுந்தால் தெருவின் பாதிக் குழாய் அடைத்துக்கொள்ளும். ஏற்கெனவே அடைத்திருந்தால், கூலி கூடத் தருவதாகச் சொல்லி எந்த மனிதரையும் உள்ளே இறக்காதீர்கள். கையால் கழிவு அள்ளும் வேலைக்கு எதிரான 2013-ஆம் ஆண்டின் சட்டம் அதைத் தடை செய்கிறது. அதைவிட முக்கியமாக, 9 ஆண்டுகள் மூடிக் கிடந்த தொட்டியின் வாயு ஓரிரு மூச்சிலேயே ஆளைச் சாய்த்துவிடும். குடிநீர் வாரியத்தின் இயந்திரத்தை வரவழையுங்கள்.

இனி இடிக்கும் வரிசைக்கு வருகிறேன். கட்டியது கீழிருந்து மேலே. இடிப்பது மேலிருந்து கீழே. கடைசியாக வைத்தது முதலில் வெளியே வர வேண்டும். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான் என்றாலும், அவசரம் வரும்போது முதலில் மறக்கப்படுவதும் இதுவே.

கதவு, சன்னல், கம்பி, குழாய், கழற்றக்கூடிய மரச்சாமான் ஆகியவை முதலில் வெளியேறட்டும். ஆனால் பாரம் தாங்கும் சுவரில் உள்ள கதவின் நிலையைக் கழற்றுவதற்கு முன், மேலே லிண்டல் (வாசலுக்கு மேலுள்ள சுவரைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) இருக்கிறதா என்று பாருங்கள். பல பழைய வீடுகளில் செங்கல் வளைவோ மரப்பலகையோதான் இருக்கும்; அது தளர்ந்து போய் நிலையின் மேலேயே பாரம் உட்கார்ந்திருக்கக்கூடும். அப்படியிருந்தால் நிலை வெளியே வந்த நிமிடத்தில் மேல்சுவர் முக்கோண வடிவில் இறங்கும்.

அடுத்தது முற்றத்தின் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். இதைக் குறித்து நான் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் பகுதியில் இதைச் சம்மட்டியால் அடித்து உடைத்து இறக்குவதை இன்றும் பார்க்கிறேன். அந்த ஷீட் உடையும்போது கண்ணுக்குத் தெரியாத நார்கள் காற்றில் பறக்கின்றன. அவை நுரையீரலுக்குள் போய்த் தங்கி, 20, 30 ஆண்டுகள் கழித்துக்கூடப் புற்றுநோயை உண்டாக்கும். வெயிலிலும் மழையிலும் கிடந்த பழைய ஷீட்டின் மேற்பரப்பு பொடிந்துபோயிருப்பதால் ஆபத்து இன்னும் கூடுதல். தண்ணீரில் சிறிது சோப்பு கலந்து இரு பக்கமும் நன்றாக நனைத்து, கொக்கி போல்ட்டுகளைத் திருகிக் கழற்றி அல்லது போல்ட்டின் தலையை மட்டும் வெட்டி, ஷீட்டை முழுதாகவே கயிறு கட்டி இறக்க வேண்டும். அறுக்கவோ, துளையிடவோ, மேலிருந்து தள்ளவோ கூடாது. அதன் மேல் நேரடியாக ஏறி நிற்கவும் கூடாது. கால் வைத்தால் உடைந்து ஆளோடு கீழே வரும். துண்டைக் கட்டிக்கொள்வதால் ஒரு பயனும் இல்லை. நுண்துகளைத் தடுக்கும், முகத்தில் இறுக்கமாகப் பொருந்தும் முகமூடி ஒவ்வொருவருக்கும் வாங்கிக் கொடுங்கள். இறக்கிய ஷீட்டைக் கனமான பாலித்தீனில் சுற்றி ஒட்டி, மற்ற இடிபாடுகளுடன் கலக்காமல் தனியாக வைத்து, எங்கே ஒப்படைப்பது என்று மாநகராட்சியிடம் கேட்டு அனுப்புங்கள். கோழிக்கூண்டுக்கு வேண்டும் என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள்.

பின்பக்கக் கான்கிரீட் தளத்தை இடிக்கும் முன் அதன் கீழே நெருக்கமாக ஜாக்கி முட்டு (உயரத்தைத் திருகிச் சரிசெய்யும் இரும்புத் தாங்கி) நிறுத்த வேண்டும். துருப்பிடித்த தளம் எப்போது இறங்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. மேலே நிற்பவர் தளத்தின் நடுவிலிருந்து தொடங்கிச் சுவரை நோக்கிப் பின்வாங்கிக்கொண்டே சிறு சிறு துண்டுகளாக உடைக்க வேண்டும்; தான் நிற்கும் பகுதியைத் தானே துண்டித்துவிடக் கூடாது. உடைந்ததை அங்கேயே குவிக்கவும் கூடாது. வீட்டுத் தளம் ஒன்று சதுர அடிக்குச் சுமார் 20 கிலோ கூடுதல் எடையைத் தாங்குமாறுதான் வடிவமைக்கப்படுகிறது. இடிபாடு ஓர் அடி உயரம் குவிந்தாலே சதுர அடிக்கு 40 கிலோ ஆகிவிடும். நல்ல தளத்துக்கே இது இரு மடங்கு. கெட்ட தளத்துக்கு என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தளம் முழுவதும் இறங்கிய பிறகே அதைத் தாங்கிய சுவர்களில் கை வைக்க வேண்டும். அவற்றையும் வரிசை வரிசையாக மேலிருந்து எடுக்க வேண்டுமே தவிர, அடியில் அறுத்துத் தள்ளிவிடக் கூடாது.

சன்ஷேடுகளைப் பற்றித் தனியாக எச்சரிக்கிறேன். சுவரிலிருந்து வெளியே நீண்டிருக்கும் சன்ஷேடையும் பால்கனியையும் நிறுத்தி வைத்திருப்பது அவற்றின் உள்முனை மேல் உட்கார்ந்திருக்கும் சுவரின் எடை. அந்தச் சுவரை எடுத்தால் தராசின் ஒரு தட்டிலிருந்து படிக்கல்லை எடுத்தது போல மறுபக்கம் கவிழும். பல ஆண்டுகளுக்கு முன் தண்டையார்பேட்டையில் ஒரு வேலையில், நான் மதியம் வருவதற்குள் முடித்துவிடலாம் என்று இரண்டு ஆட்கள் சன்ஷேடுக்கு மேலிருந்த சுவரை முழுவதும் எடுத்துவிட்டார்கள். 8 அடி நீளச் சன்ஷேடு அப்படியே சுழன்று தெருவில் விழுந்தது. தினமும் அந்த நிழலில் உட்கார்ந்து பூ கட்டும் ஓர் அம்மா, அன்று பேத்தியின் பள்ளிக்குப் போயிருந்ததால் உயிர் தப்பினார். எந்த வரிசையில் உடைப்பது என்று முந்தைய மாலையே எழுதிக் கொடுக்காதது என் தவறு. அன்று முதல் ஒவ்வொரு நாள் வேலையையும் முந்தைய நாள் மாலையில் சுவரிலேயே எண் போட்டு எழுதிவிடுகிறேன். நீங்களும் அப்படியே செய்யச் சொல்லுங்கள். சன்ஷேடை எடுக்க வேண்டுமென்றால், முதலில் கீழே முட்டு, பிறகு சன்ஷேடு, அதன் பிறகுதான் மேல்சுவர்.

இரண்டு குடும்பங்களுக்குப் பிரிப்பதற்காகக் கூடத்தின் சுவரில் புதிய வாசல் ஒன்று திறக்க வேண்டியிருக்கும். பாரம் தாங்கும் சுவரானாலும் இதைப் பாதுகாப்பாகச் செய்ய முடியும். இரு பக்கமும் கட்டைகளின் கீழ் முட்டு கொடுத்து, லிண்டல் வர வேண்டிய உயரத்தில் ஒரு பக்கத்திலிருந்து சுவரின் பாதிக் கனத்தை மட்டும் வெட்டி, அதில் இரும்புச் சேனலையோ முன்கூட்டியே வார்த்த லிண்டலையோ வாசலின் இரு பக்கமும் 9 அங்குலம் ஊன்றுமாறு வைத்து, மேல் இடைவெளியைக் கெட்டியான சாந்தால் இறுக அடைக்க வேண்டும். அது இறுகிய பிறகு மறுபக்கத்துப் பாதியை அதேபோல் செய்து, இரண்டும் பாரத்தை ஏற்ற பின்னரே கீழே வாசலைத் திறக்க வேண்டும். ஒரு நாளில் முடிக்கச் சொன்னால் முடியாது. ஒரு வாரம் ஆகும். மின்குழாய்க்கும் தண்ணீர்க் குழாய்க்கும் சுவரில் காடி வெட்டும்போது, 9 அங்குலச் சுவரில் செங்குத்துக் காடி 3 அங்குல ஆழத்தையும் கிடைமட்டக் காடி ஒன்றரை அங்குல ஆழத்தையும் தாண்டக் கூடாது. சுவரின் ஒரே இடத்தில் இரு பக்கமும் காடி வெட்டுவதும் கூடாது.

பூச்சை முழுவதும் உரிக்க வேண்டியதில்லை. விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போய், பொள்ளலாக ஒலிக்கும் இடத்தையும், கீழ்ப்பகுதியில் 3, 4 அடி உயரம் வரை உப்புப் பூத்து உதிரும் இடத்தையும் மட்டும் குறித்து உரித்தால் போதும். உரித்த இடத்தில் செங்கல் இணைப்புகளை அரை அங்குலம் சுரண்டிவிட்டுச் சுவரை உலர விடுங்கள். சுண்ணாம்புச் சுவரின் மேல் மீண்டும் சுண்ணாம்புப் பூச்சே பூசுங்கள். சிமென்ட் பூசினால் ஓதம் வெளியேற வழியின்றி மேலே ஏறி, அடுத்த ஆண்டு வாடகைதாரர் உங்களைத் தொலைபேசியில் அழைப்பார்.

தரையை உடைப்பதற்கு முன் தெருவின் மட்டத்தையும் வீட்டுத் தரையின் மட்டத்தையும் குழாய் மட்டம் (தண்ணீர் நிரப்பிய மெல்லிய குழாய்) வைத்து ஒப்பிடுங்கள். சாலைக்கு மேல் சாலை போட்டு உயர்ந்துவிட்ட தெருக்களில் பழைய வீடுகள் பள்ளத்தில் நிற்கின்றன. ஐப்பசி மழையில் தெருத் தண்ணீர் உள்ளே வரும். தரையை உயர்த்த வேண்டியிருந்தால் பழைய தரையை உடைக்காமல் அதன் மேலேயே உயர்த்தலாமா என்றும், அப்போது வாசல் உயரம் எவ்வளவு குறையும் என்றும் முதலில் கணக்கிடுங்கள். காவித் தரை விரிசலின்றி இருந்து, மட்டமும் சரியாக இருந்தால், தேய்த்து மெருகேற்றினால் போதும். குளியலறைத் தரையை மட்டும் தயங்காமல் முழுவதும் தோண்டி, பழைய பீங்கான் குழாய்களை வெளியே எடுத்துவிடுங்கள். வாடகைச் சட்டத்தின்படி எழுத்து மூலமான ஒப்பந்தத்தில் வேறு விதமாக இல்லாவிட்டால், கட்டமைப்புப் பழுதும் குழாய் மாற்றமும் வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. ஆள் குடியிருக்கும்போது தரையைத் தோண்டுவதைவிட இப்போது தோண்டுவது எல்லாருக்கும் நல்லது.

கிணற்றில் இடிபாட்டைக் கொட்டி மூடிவிடலாம் என்று நிச்சயம் ஒருவர் சொல்வார். லோடுக் கூலி மிச்சமாகும் என்பது அவர் கணக்கு. தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். வேலை முடியும் வரை வாயை இரும்பு வலையும் பலகையும் போட்டு மூடி வைத்து, பிறகு தூர்வாரி, கூரை நீரை வடிகட்டி அதற்குள் விட்டால் அதுவே உங்கள் மழைநீர் சேகரிப்பாகிவிடும். அந்தக் கிணறு இரண்டு குடும்பங்களின் புழக்கத்துக்குத் தண்ணீர் தரக்கூடும்.

இடிபாட்டின் கணக்கையும் முன்கூட்டியே போடுங்கள். சுவராக 100 கன அடி இருந்தது உடைந்தால் ஒன்றரை மடங்கு பெருகும். ஒரு யூனிட், அதாவது 100 கன அடி உடைந்த இடிபாடு, ஏறத்தாழ 4 டன். குட்டியானை வண்டி ஒன்று சுமார் முக்கால் டன்தான் ஏற்றும் என்பதால் ஒரு யூனிட்டுக்கே ஐந்தாறு நடை ஆகும். தெரு அகலமாக இருந்தால் சிறிய டிப்பர் மலிவு. தெருவில் குவித்து வைத்தால் ஆம்புலன்ஸ் நுழையாது, அபராதமும் வரும். பக்கிங்காம் கால்வாய்க் கரையிலோ காலி மனையிலோ இரவில் கொட்டிவிட்டு வரும் வண்டிக்காரரிடம் கொடுக்காதீர்கள். 2016-ஆம் ஆண்டிலேயே கட்டடக் கழிவுகளுக்கென்று தனி விதிகள் வந்துவிட்டன, நமக்கு அருகிலேயே கொடுங்கையூரில் அவற்றை அரைத்து மறுபயன்பாட்டுக்கு மாற்றும் மாநகராட்சி ஆலையும் இருக்கிறது. அங்கே இறக்கியதற்கான சீட்டைக் கையில் வாங்கிய பிறகு வண்டிக்குப் பணம் கொடுங்கள்.

எல்லாமே கழிவும் அன்று. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கற்கள் ஒரு தட்டுத் தட்டினால் சுத்தமாகப் பிரியும். உங்கள் புதிய குளியலறைத் தடுப்புக்கு அவையே போதும். பழைய தேக்குக்கு நல்ல விலை உண்டு. சில இடிப்புக் கான்ட்ராக்டர்கள் கூலியே வேண்டாம், பழைய சாமான்களை மட்டும் எடுத்துக்கொள்கிறோம் என்பார்கள். அப்படிச் சொல்பவருக்கு நல்ல கட்டைகளைக் கெட்டவை என்று சொல்வதில் ஆதாயம் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். கூலியைத் தனியாகவும், சாமான்களின் விலையைத் தனியாகவும் பேசி, எத்தனை கதவு, எத்தனை கட்டை, எவ்வளவு இரும்பு என்று எண்ணி எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.

வேலைக்கு வரும் பெரியாள், சித்தாள் அனைவருக்கும் ஹெல்மெட்டும் மூடிய காலணியும் உங்கள் செலவிலேயே வாங்கிக் கொடுங்கள். கான்ட்ராக்டர் பார்த்துக்கொள்வார் என்று விட்டால் வராது. அவர்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்தவர்களா என்று கேட்டு, இல்லாதவர்களைப் பதிவு செய்யத் தூண்டுங்கள். உடைக்கும் இடத்துக்கு நேர் கீழே எவரும் இருக்கக் கூடாது என்பதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளைத் தனியாக நிறுத்துங்கள். அந்த ஒருவரின் கூலியைச் சேமிக்க நினைக்காதீர்கள்.

இப்போது ஆவணி நடக்கிறது. பருவமழைக்கு முன் அவசரமாகக் கூரையைத் திறந்துவிட்டு மூட முடியாமல் தவிப்பதைவிட, இந்த மாதங்களில் கூரையின் மழைநீர்க் குழாய்களைச் சுத்தம் செய்து, ஒழுகும் இடத்தில் தார்ப்பாய் போட்டு, கெட்ட தளத்தின் கீழ் முட்டு மட்டும் நிறுத்தி வையுங்கள். மழை பெய்யும்போது ஒருமுறை உள்ளே போய், எந்தெந்தக் கட்டையின் முனையில் ஈரம் இறங்குகிறது என்று சாக்பீஸால் குறித்துவாருங்கள். எந்தப் பொறியாளரின் சோதனையும் அதைவிடத் தெளிவாகச் சொல்லாது. பொங்கல் முடிந்து ஆட்கள் ஊரிலிருந்து திரும்பியதும் ஷீட்டை இறக்குவதிலிருந்து தொடங்கினால், பின்பக்கத் தளமும் சுவர்களும் மாசிக்குள் இறங்கிவிடும், கோடை வெயிலில் முன்பக்கச் சுவர்கள் நன்றாக உலரும். அந்தக் குறிகளோடு கட்டைகளின் படங்களையும் எடுத்து அனுப்பினால், எவற்றை மாற்ற வேண்டும், எவற்றை விடலாம் என்பதை ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்கிறேன்.